பெஞ்சுல உக்கார வச்சுட்டாய்ங்களாம்!

போன வாரம் சித்தி போன் பண்ணுச்சு. கொரலே சரியில்ல.

"ஏப்பா, தம்பிய ஆபீசுல பெஞ்சுல உக்கார வச்சுட்டாய்ங்களாம். என்னடா தப்பு பண்ணேன்னு கேட்டா, ஒண்ணுமில்லம்மா, எல்லாருக்கும் நடக்குறதுதான்ங்கிறான். நீ ஒரு வார்த்தை பேசிப் பாரேன்."

தம்பி பெங்களூருல ஐ.டி. கம்பெனியில இருக்கான். அங்க ஒரு புராஜெக்ட் முடிஞ்சு அடுத்தது கைக்கு வர்ற வரைக்கும் சும்மா இருக்கிறதுக்குப் பேருதான் பெஞ்சு. சம்பளம் வரும், வேலை இருக்காது. (கேக்குறதுக்கு நல்லாத்தான் இருக்கு. ரொம்ப நாள் இழுத்துச்சுன்னா எச்.ஆர். கூப்பிட்டுப் பேசும்.) வெளையாட்டுல இருந்து எடுத்துக்கிட்ட பேச்சு அது. ஆடுறவன் மைதானத்துல, மாத்து ஆளு ஓரத்துல பெஞ்சுல.

இதை சித்திக்கு வெளக்குறதுக்குள்ள எனக்கு நாக்கு தள்ளிருச்சு. எல்லாத்தையும் கேட்டுட்டு, "சம்பளம் உண்டுல்ல?"ன்னுச்சு.

"உண்டு சித்தி."

"அப்ப உக்காந்துட்டுப் போறான்."

அதோட விட்டுருக்கலாம். பக்கத்து வீட்டு அத்தாச்சிகிட்ட 'பையன் பெஞ்சுல இருக்கான்'னு சொல்லியிருக்கு. சாயங்காலம் மந்தைப் பக்கம் போனா ஒரு பெருசு என்னைய நிப்பாட்டி, "என்னப்பா, ஒங்க சித்தி மகன் ஹைகோர்ட்டு பெஞ்சுலயா இருக்கான்? சொல்லவே இல்ல? எனக்கு ஒரு பாதை கேசு கெடக்குய்யா"ன்னு ஆரம்பிச்சுட்டாரு.

எங்க ஊரு அனுமந்தன்பட்டி. உத்தமபாளையத்துக்கும் கம்பத்துக்கும் நடுவுல. இங்க ஒரு சேதி அத்தாச்சி காதுக்குப் போனா, மந்தைக்கு வர்றதுக்குள்ள ஜட்ஜாகித்தான் வரும்.

ஆனா பெருசைக் குத்தம் சொல்ல முடியாது. ஒரே சொல்லு. அங்க சும்மா உக்காந்திருக்கவனுக்கும் அதுதான், இங்க நாட்டுக்கே தீர்ப்பு சொல்றவருக்கும் அதுதான். இந்த பெஞ்சு எங்கெங்க எல்லாம் போயி உக்காந்திருக்குன்னு அன்னைக்கு ராத்திரி தேட ஆரம்பிச்சேன். தூக்கம் போச்சு.

முதல்ல நம்ம பெஞ்சு. எனக்குத் தெரிஞ்ச முதல் பெஞ்சு பள்ளிக்கூடத்துல. சின்ன வகுப்புல தரையிலதான். மேல போகப் போகத்தான் பெஞ்சு. முன்னாடி உக்காந்தா வாத்தியார் கண்ணுல படுவோம், கடைசில உக்காந்தா 'மாப்ள பெஞ்சு'. (இந்தப் பேரை வச்சவன் யாருன்னு தெரிஞ்சா கால்ல விழலாம். கவனிப்பு எல்லாம் வேணும், வேலை எதுவும் செய்ய மாட்டோம். வேற எப்படிச் சொல்றது?) வீட்டுப்பாடம் எழுதலையா? ஏறி நில்லு பெஞ்சு மேல. ஏறி நின்னா ஒண்ணு தெரியும். சன்னலுக்கு வெளிய தோப்பு, அங்கிட்டு மலை, மலை மேல மேகம். ஒழுங்கா எழுதிட்டு வந்தவன் எவனுக்கும் அந்தக் காட்சி கெடையாது.

ஐரோப்பாவுல ஒரு காலத்துல சந்தையில பெஞ்சு மேல ஏறி நின்னு மருந்து விக்கிறவய்ங்க இருந்துருக்காய்ங்க. நம்ம வாரச்சந்தையில கீரிக்கும் பாம்புக்கும் சண்டை விடப்போறேன்னு சொல்லிச் சொல்லியே கடைசி வரைக்கும் விடாம லேகியம் வித்துட்டுப் போவாரே, அவரோட இத்தாலி அண்ணன். 'பெஞ்சுல ஏறு'ன்னு அர்த்தம் வர்ற இத்தாலிப் பேச்சுல இருந்து இங்கிலீஷ்காரன் 'மவுண்ட்டிபேங்க்'ன்னு ஒரு சொல்லே எடுத்துக்கிட்டான். போலி வைத்தியன்னு அர்த்தம். அவன் பெஞ்சுல ஏறிக் காசு பாத்துருக்கான், நாங்க ஏறி முட்டி வலிச்சதுதான் மிச்சம்.

இத்தாலி வந்துருச்சுல்ல, அங்கதான் நல்ல கூத்து இருக்கு.

ஜெர்மானிய மொழிகள்ல பெஞ்சுக்கு இருந்த பழைய சொல்லு ரெண்டு வழியா ஓடியிருக்கு. ஒரு ஓட்டம் நேரா இங்கிலீஷுக்கு வந்து பெஞ்சு ஆகிருச்சு. இன்னொரு ஓட்டம் இத்தாலிக்குப் போயி 'பாங்கோ', 'பாங்கா'ன்னு ஆச்சு. அங்க வட்டிக்கும் நாணய மாத்துக்கும் உக்காந்தவய்ங்க, முன்னாடி ஒரு பலகையைப் போட்டு, அது மேல காசைப் பரப்பி யாவாரம் பண்ணுனாய்ங்க. அந்தப் பலகைதான் பேங்க். ஆமா, நீங்க நகைக்கடன் புதுப்பிக்க வரிசையில நிக்கிறீங்களே, அந்த பேங்க்தான். இத்தனை பெரிய கட்டடம், ஏசி, செக்யூரிட்டி, எல்லாத்துக்கும் பேரு ஒரு பெஞ்சோட பேரு. (அதுல உக்காரத்தான் நமக்கு எடம் கெடைக்கிறதில்ல.)

யாவாரம் நொடிச்சுப் போனா? 'பாங்கா ரோட்டா'. ஒடஞ்ச பெஞ்சு. அதுதான் இங்கிலீஷ்ல பேங்க்ரப்ட். கடனைக் கட்ட முடியாதவனோட பெஞ்சை நடு வீதியில போட்டு ஒடைப்பாய்ங்கன்னு ஒரு கதை சொல்றாங்க. கதை எப்படியோ, சொல்லு அங்க இருந்துதான். நம்ம பக்கம் ஏலக்கா யாவாரத்துல விழுந்தவன், திராட்சையில போட்டு எடுக்க முடியாதவன், சீட்டுக் கம்பெனி நடத்தி ஓடுனவன், எல்லாருக்கும் ஒரே பேச்சு: 'மஞ்சக் கடுதாசி குடுத்துட்டான்'. பெஞ்சை ஒடைக்கிறதை விட இது மரியாதையா இருக்கு.

இன்னொண்ணு. கனடாவுல இருக்க என்னோட யாழ்ப்பாணத்து சிநேகிதர் வீட்டுக்கு வீடியோவுல பேசிக்கிட்டு இருந்தேன். யாரோ வந்தாங்க. இவரு, "வாங்கில இருங்கோ"ன்னாரு. எனக்கு 'வாங்கிட்டு இருங்க'ன்னு காதுல விழுந்துச்சு. என்னத்த வாங்கச் சொல்றாருன்னு முழிச்சேன். யாழ்ப்பாணத்துல பெஞ்சுக்குப் பேரு 'வாங்கு'. போர்த்துக்கீசியன் விட்டுட்டுப் போன 'பாங்கோ'. இருக்கிறதுன்னா அவங்களுக்கு உக்கார்றது.

அப்ப இங்க நாம சொல்ற வங்கியும் அங்க அவங்க சொல்ற வாங்கும் ஒரே வயித்துப் பிள்ளைங்க. ஒண்ணு இங்கிலீஷ் கப்பல்ல வந்துச்சு, ஒண்ணு போர்த்துக்கீசியக் கப்பல்ல. அதே கப்பல்ல நமக்கும் மேசை, சாவி, சன்னல், அலமாரின்னு நெறைய எறங்கிருக்கு. வாங்கு மட்டும் ஏனோ நம்ம ஊருப் பேச்சுல ஒட்டல. நாற்காலிக்கு அவங்க சொல்ற 'கதிரை'யும் அப்படித்தான். அதுவும் போர்த்துக்கீசியம். அதோட மூலத்தைத் தோண்டுனா, நாம சொல்ற 'சேர்', பிஷப்போட பெரிய கோயிலுக்குச் சொல்ற 'கதீட்ரல்', எல்லாம் ஒரே குடும்பம். பிஷப்போட நாற்காலி இருக்க கோயில்னுதான் அதுக்கு அர்த்தமே.

சேர்னு சொன்னதும் ஒண்ணு சொல்லணும். அந்தக் காலத்து ஐரோப்பாவுல கை வச்ச நாற்காலி வீட்டுக்கு ஒண்ணு இருந்தாப் பெருசு. அதுல வீட்டுத் தலைவர்தான் உக்காருவார். மத்தவய்ங்களுக்கு எல்லாம் பெஞ்சு, முக்காலி. நாற்காலியில உக்காந்தவர் சேர்மன். எங்க பேரூராட்சியிலயும் தலைவரை யாரும் தலைவர்னு சொல்றதில்ல, 'சேர்மன் வந்துட்டாரா'ன்னுதான் கேப்பாங்க. கவுன்சிலர்களை ஏன் பெஞ்சுமேன்னு கூப்பிடலைன்னு தெரியல.

சரி, கோர்ட்டுக்கு வருவோம். பெருசு பாவம், பாதை கேசோட நிக்கிறாரு.

இங்கிலாந்துல ஜட்ஜுங்க உக்காந்த பெஞ்சே கோர்ட்டுக்குப் பேராகிப் போச்சு. 'கிங்ஸ் பெஞ்ச்'னு ஒரு கோர்ட்டு. ராணி ஆண்டா 'குயின்ஸ் பெஞ்ச்'. 2022 செப்டம்பர்ல எலிசபெத் ராணி எறந்ததும் மறுபடி கிங்ஸ் பெஞ்ச்னு பேரை மாத்திக்கிட்டாய்ங்க. அங்க இருந்து நமக்கு வந்துச்சு. வெள்ளைக்காரன் காலத்துல ஊருப் பெரிய மனுசங்களை வச்சு சின்னச் சின்ன கேசு பாத்த 'பெஞ்சு கோர்ட்டு' இருந்துச்சு. பழைய ஆளுக வாயில இன்னும் அந்தப் பேரு இருக்கு.

எங்க பக்கத்து ஆளுகளுக்கு இப்ப பெஞ்சுன்னா மதுரை. 2004 ஜூலை 24-ல அங்க ஹைகோர்ட்டு பெஞ்சு தொறந்தாங்க. அதுக்கு முன்னாடி ஒரு ரிட்டு போடணும்னாலும் மெட்ராசு பஸ் ஏறணும். ராத்திரி முழுக்கப் பயணம், காலையில போய் எறங்குனா வக்கீலு 'வாய்தா'ம்பாரு, மறுபடி பஸ்ஸு. இப்ப காலையில கெளம்புனா, வாய்தா வாங்கிட்டு சாயங்காலம் மாட்டுக்குத் தண்ணி காட்ட வந்துரலாம். தமிழ்ல 'மதுரைக் கிளை'ன்னு எழுதுறாங்க. அழகாத்தான் இருக்கு, ஆனா கேசு நடத்துறவன் எவனும் அப்படிச் சொல்றதில்ல. "பெஞ்சுல இருக்குப்பா"ம்பான். அவ்வளவுதான்.

அதை விடப் பெரிய பெஞ்சு ஒண்ணு எங்களுக்கு உண்டு. முல்லைப் பெரியாறு.

கம்பம் பள்ளத்தாக்குல நெல்லு வெளையிறதே அந்தத் தண்ணியிலதான். 1886 அக்டோபர்ல திருவிதாங்கூரோட போட்ட ஒப்பந்தம், 999 வருசக் குத்தகை. அந்தப் பக்கம் கையெழுத்துப் போட்டது திவான் ராமய்யங்கார். (திவான்னா மந்திரி. பர்னிச்சர் கடையில 'திவான் கட்டில்'னு விக்கிறாய்ங்களே, அதுவும் அதே சொல்லுதான். முதல்ல கணக்குப் புத்தகம், அப்பறம் கணக்குப் பாக்குற ஆபீசு, அப்பறம் அந்த ஆபீசுல சுவரோரமா மெத்தை போட்டு உக்கார்ற எடம். கட்டில்ல இருந்து மந்திரி வரலை, மந்திரி ஆபீசுல இருந்துதான் கட்டில் வந்துருக்கு.) 1895-ல பென்னிகுவிக் அணையைக் கட்டி முடிச்சாரு. லோயர் கேம்ப்ல மணிமண்டபம் இருக்கு, வந்தா பாருங்க.

அந்த அணையில 142 அடி வரைக்கும் தண்ணி தேக்கலாமாங்கிற கேசு வருசக்கணக்கா ஓடுச்சு. 2006 பிப்ரவரியில சுப்ரீம் கோர்ட்டு 142 அடி தேக்கலாம்னுச்சு. ஒடனே கேரளா சட்டத்தைத் திருத்தி அதைத் தடுத்துச்சு. திரும்பக் கேசு. அப்பத்தான் 'அரசியல் சாசன பெஞ்சு'ங்கிற வார்த்தை எங்க டீக்கடைக்கு வந்துச்சு. அரசியல் சாசனத்துக்கு அர்த்தம் சொல்ற மாதிரி பெரிய கேள்வின்னா அஞ்சு ஜட்ஜுக்குக் கொறையாம உக்காரணும். பேப்பர்ல அதைப் படிச்சதும் ஒரு சித்தப்பு கேட்டாரு:

"அஞ்சு பேரும் ஒரே பெஞ்சுலயா? அப்ப நீளமான பெஞ்சா இருக்குமே. ஓரத்துல இருக்கவரு எந்திரிச்சா மத்தவரு கவுந்துற மாட்டாரா?"

2014 மே 7-ல தலைமை நீதிபதி லோதா தலைமையில அஞ்சு பேரு பெஞ்சு, கேரளாச் சட்டம் செல்லாது, 142 அடி தேக்கிக்கலாம்னு சொல்லிருச்சு. அன்னைக்கு சித்தப்புதான் எல்லாருக்கும் டீ. "பெஞ்சு கவுறலைப்பா"ன்னாரு.

(அந்தக் கோர்ட்டுல பெஞ்சே கெடையாது. ஒசரமான சாய்மானம் வச்ச தனித்தனி நாற்காலிதான். அதை நான் அவருகிட்டச் சொல்லவே இல்ல.)

ஆனா சித்தப்பு கேட்டது ரொம்ப நெசமான கேள்வி. பெஞ்சோட கொணமே அது. எனக்கு அனுபவம் உண்டு. வாசல்ல போடுறதுக்கு ரோட்டோரக் கடையில ரெடிமேடா ஒண்ணு வாங்கிட்டு வந்தேன். பாக்க லட்சணமா இருந்துச்சு. மாமா இந்த ஓரம், நான் அந்த ஓரம். டீ குடிச்சுட்டு மாமா எந்திரிச்சாரு. அவ்வளவுதான், என் பக்கம் கீழ, அவரு பக்கம் மேல, டீ என் வேட்டியில.

ஆசாரியைக் கூட்டியாந்து காட்டுனேன். குனிஞ்சு ஒரு தடவைதான் பாத்தாரு. "காலை ரொம்ப உள்ள தள்ளி வச்சுருக்கான். காலுக்கு வெளிய பலகை எம்புட்டு நீண்டுக்கிட்டு இருக்கு பாரு. அங்க உக்காந்தா ஆளு வெயிட்டு காலுக்கு வெளிய விழுகுது. தூக்காம என்ன செய்யும்?" காலைக் கழட்டி ஓரத்துக்குத் தள்ளி, குறுக்கச் சட்டம் போட்டுக் குடுத்தாரு. கவுறுறது நின்னுச்சு. இப்ப ஆடுச்சு. வாசல் தரை மேடு பள்ளம். அட்டையை மடிச்சு வச்சேன், மழையில ஊறிப் போச்சு. ஓட்டுச் சில்லு வச்சேன், நழுவிருச்சு. ஆசாரி சிரிச்சுக்கிட்டே, "முக்காலி கேட்டிருந்தா ஆடாதுல்ல. மூணு காலு எந்தத் தரையிலயும் நிக்கும். நாலு காலு வச்சா தரை ஒழுங்கா இருக்கணும்"ன்னாரு. கடைசியில சிமெண்டைப் போட்டு வாசலைத்தான் சரி பண்ணுனேன். பெஞ்சு வாங்குன காசை விட அது அதிகம்.

லெவல் பாக்குறவய்ங்ககிட்டயும் ஒரு பெஞ்சு இருக்கு. 'பெஞ்ச் மார்க்'. இப்ப ஆபீசுல மேனேஜரு வாயில படாதபாடு படுது அந்தச் சொல்லு. பொறப்பு என்னன்னா, சர்வேக்காரன் கல்லுல ஒரு கோடு வெட்டுவான். அந்த வெட்டுல ஒரு இரும்புக் கோணத்தைச் சொருகி, அதையே பெஞ்சா வச்சு அது மேல அளவுக்கோலை நிப்பாட்டுவான். இந்த எடம் இன்ன ஒசரம்னு அங்க இருந்துதான் கணக்கு. கல்லுல கோடு வெட்டுற சர்வேக்காரரு, பட்டறையில ஃபிட்டரு பெஞ்ச் வைஸ்ல இரும்பைப் புடிக்கிறவரு, ஜிம்முல பெஞ்ச் பிரஸ் போடுற நம்ம வீட்டுப் பய, எல்லாரும் ஒரே பலகையத்தான் புடிச்சுக்கிட்டு இருக்காங்க.

சினிமாக் கொட்டகையை விட்டுட்டா சாமி குத்தம் ஆகிரும். டூரிங் டாக்கீசுல தரை, பெஞ்சு, சேர். தரை டிக்கெட்டுல மணலைக் குமிச்சு மேடு கட்டி உக்காரலாம். சேர் டிக்கெட்டு வசதியானவங்களுக்கு. நடுவுல பெஞ்சு. பலகைக்கும் பலகைக்கும் நடுவுல ஒரு சந்து இருக்கும். முன்னாடி சண்டைக் காட்சி வந்தா எல்லாரும் ஒண்ணா எம்புவாய்ங்க, ஒண்ணா உக்காருவாய்ங்க, தொடைச் சதை அந்தச் சந்துல மாட்டும். அதே சந்துலதான் மூட்டப்பூச்சி குடும்பம் நடத்தும். படம் முடிஞ்சு வெளிய வந்தா யாரு பெஞ்சு டிக்கெட்டுன்னு சொறியிறதை வச்சே சொல்லிரலாம்.

தரைக்கும் பெஞ்சுக்கும் உள்ள தூரம் கொட்டகையில சில பைசாதான். டீக்கடையில அப்படி இல்ல. எங்க ஜில்லாவுலயும் பெஞ்சு எல்லாருக்கும் பெஞ்சா இருந்ததில்ல. ஒரு சாராரு பெஞ்சுல, இன்னொரு சாராரு அங்கிட்டு ஓரமாத் தரையில குத்தவச்சு, தனி டம்ளர். காசு ஒண்ணுதான், டீயும் அதே டீதான். குடிச்ச டம்ளரை அவங்களே கழுவி வைக்கணும். பொது எடத்துல, கடையில இப்படிப் பிரிக்கிறது குத்தம்னு 1955-லயே சட்டம் வந்துருச்சு. சட்டம் வந்து பல வருசம் கழிச்சும் தனி டம்ளர் எத்தனையோ ஊர்ல ஓடுச்சு. தென்னாப்பிரிக்காவுல பெஞ்சு மேலயே எழுதிருந்தாய்ங்க, 'வெள்ளையருக்கு மட்டும்'னு. அந்தக் காலம் மறந்துறக் கூடாதுன்னு கேப் டவுன்ல ஒரு கோர்ட்டுக் கட்டடத்துக்கு வெளிய அப்படி ரெண்டு பெஞ்சை நடைபாதையில வச்சுருக்காங்க. நம்ம ஊரு பெஞ்சுல எதுவும் எழுதினதில்ல. எழுதாமலே எல்லாருக்கும் தெரிஞ்சிருந்துச்சு, அதுதான் கொடுமை.

அதனாலதான் எனக்கு இந்த டீக்கடை பெஞ்சு மேல இம்புட்டுப் பிடிவாதம். சேருன்னா ஒருத்தருக்கு ஒண்ணு, அதுல வேற யாரும் உக்கார முடியாது. பெஞ்சு அப்படி இல்ல. "அண்ணே, கொஞ்சம் தள்ளி உக்காருங்க"ன்னு யாரு வேணாலும் சொல்லலாம், சொன்னா தள்ளித்தான் ஆகணும். யாரு, எந்தத் தெருன்னு கேக்காம தள்ளி உக்கார்றதுக்கு எத்தனை வருசம் ஆச்சு! பேப்பரை நாலாப் பிரிச்சு ஆளுக்கு ஒரு தாளு படிக்கிறது, உள்பக்கம் படிக்கிறவனோட வெளிப்பக்கத்தை எதிர்ல இருக்கவன் படிக்கிறது, அணையில இன்னைக்கு எத்தனை அடின்னு கேக்குறது, எல்லாம் தோளோட தோளு இடிச்சாத்தான் நடக்கும். 'தினமலர்'ல அரசியல் கிசுகிசுவுக்கு 'டீக்கடை பெஞ்சு'ன்னு தலைப்பு வச்சாங்க. 'டீக்கடை பிளாஸ்டிக் சேரு'ன்னு வச்சுப் பாருங்க, வெளங்குமா?

வெளங்காத காரியம்தான் இப்ப எங்க தெருமுனைக் கடையில நடந்துருக்கு. கடையைப் புதுப்பிச்சாய்ங்க. டைல்ஸு போட்டாய்ங்க. செவப்புக் கலர்ல ஆறு பிளாஸ்டிக் சேரு. ஏழாவதா வர்றவன் நிக்கிறான். அதுல ரெண்டு சேருக்குக் காலு பொளந்து போச்சு, அதுல ஒக்கார்றவன் எல்லாம் சாமியைக் கும்பிட்டுட்டுத்தான் ஒக்கார்றான்.

பழைய பெஞ்சைக் கடைக்குப் பின்னாடி சாச்சு வச்சுருக்காங்க. போயிப் பாத்தேன். வேப்பம் பலகை. உக்காந்து உக்காந்து நடுவுல வழுவழுன்னு லேசாப் பள்ளம் விழுந்துருக்கு. ஒரு ஓரத்துல யாரோ ஆடுபுலியாட்டக் கட்டம் கீறி வச்சுருக்கான். ஒரு காலு மட்டும் அடியில இத்துருக்கு, மத்தபடி பூச்சி அரிக்கல. ஆசாரிகிட்ட கேட்டுட்டேன், அந்தக் காலுக்குப் பட்டியல் வச்சுத் தர்றேன்னு சொல்லிட்டாரு. மாஸ்டர்கிட்டயும் பேசியாச்சு. "கஸ்டமரு கேட்டா போட்டுர்றேன்"ங்கிறாரு.

அதனால நம்ம ஊரு ஆளுக யாராவது இதைப் படிச்சா, நாளைக்குக் காலையில டீ சொல்றப்ப, "மாஸ்டர், பெஞ்சு எங்க?"ன்னு ஒரு வார்த்தை கேட்டு வைங்க. தூக்கிட்டு வந்து போடுறதுக்கு ரெண்டு ஆளு வேணும். ஒரு பக்கம் நான் புடிக்கிறேன்.